எட்டு வாஸ்

அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. என்னால சத்தம் போட்டுப் பேச முடியாது. முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூடத்துல கத்திக் கத்தித் தொண்டை போயிட்டு. ஆங், அப்படி. இந்த ஸ்டூல்ல உக்காரட்டா? தூசி இருந்தா இருக்கட்டும். நான் உடுத்தியிருக்கதும் வெள்ளைதான், உங்க கல்லுத் தூசியும் வெள்ளைதான்.

கல்லறைக்கு ஒரு கல்லு வேணும். என் தம்பிக்கு. சிரில் வாஸ்னு பேரு. என்ன அப்படிப் பாக்கீங்க, தெரியலையா? எந்த ஊரு உங்களுக்கு? அருப்புக்கோட்டையா. அதான் பார்த்தேன். தூத்துக்குடிக்காரரா இருந்தா பேரைச் சொன்னதும் எந்திரிச்சிருப்பீங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோக்காரன்கிட்ட எட்டு வாஸ் வீடுன்னு சொன்னாப் போதும், வாசல்ல கொண்டாந்து விடுவான். ஒலிம்பிக்ல நீந்தினவன் தம்பி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். உலகத்துலயே எட்டாவது. ஐம்பது வருஷத்துக்கு மேல இந்த ஊரு அப்படித்தான் சொல்லிச்சு. இந்த வருஷம் வரைக்கும் சொல்லிச்சு.

கல்லுல என்ன எழுதணும்னுதானே கேக்கீங்க. அதுலதான் சின்னச் சிக்கல். என் பையில ரெண்டு சீட்டு இருக்கு. ஒண்ணு நான் எழுதினது, ஒண்ணு அவன் எழுதினது. எதை வெட்டணும்னு சொல்லுதேன். அதுக்கு முன்னால விஷயத்தைக் கேளுங்க. விஷயம் தெரியாம வெட்டினா எழுத்து நல்லா விழாது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு, அதுக்குள்ள வெச்சிரணும். அன்னைக்கு ஊரே மெழுகுதிரியோட வரும். வந்து நின்னு, இவன் கல்லுல என்ன போட்டிருக்காங்கன்னுதான் முதல்ல பாக்கும்.

எங்கப்பா சங்கு குளிக்கப் போனவர். ஒரு நாள் போனார், வள்ளம் வந்துது, அவர் வரலை. எனக்குப் பதிமூணு வயசு, சிரிலுக்கு ஏழு. அம்மா அதுக்குப் பிறகு கடல் இருக்க திசைக்கு முகத்தைத் திருப்பி ஒரு வாய் சோறு தின்னதில்லை. இவன் என்னடான்னா தண்ணியை விட்டு வெளியே வரமாட்டான். அம்மாவுக்குத் தெரியாமக் கூட்டிட்டுப் போறது நான்தான். தலை துவட்டி, உப்பு தெரியாம முகத்தைக் கழுவிக் கூட்டிட்டு வாரதும் நான்தான். அவனுக்கு எல்லாம் நான்தான், அதை முதல்லயே சொல்லிருதேன். வேற யாராவது வந்து நான்தான் செஞ்சேன்னு சொன்னா நம்பாதீங்க.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துல ரெண்டு மிதவை கிடக்கும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு அவன் போயிட்டுப் போயிட்டு வருவான். நான் கரைக்கல்லுல உக்காந்து எண்ணுவேன். விரல்ல எண்ணினா தப்பிப் போகும்லா, அதனால ஜெபமாலையை எடுத்துட்டுப் போவேன். ஒரு நடைக்கு ஒரு மணி. பத்து முடிஞ்சு தனி மணி வந்தா எந்திரிச்சுக் கையைத் தூக்கிக் காட்டுவேன். மாதா மாலையில நீச்சல் எண்ணுறது பாவமோன்னு பயந்து பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொன்னேன். அவர் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பார் போல. சரி, எண்ணும்போது ஒவ்வொரு மணிக்கும் ஒரு அருள் நிறை மந்திரமும் சொல்லிருன்னுட்டார். பின்னால பார்த்தா, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்னா போட்டி நடக்க நீச்சல் குளத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முப்பது நீளமாம். சரியா மூணு பத்து மணி. மாதாவே அளந்து வெச்ச மாதிரி.

நடைதான் எண்ணினோம், நேரம் எண்ணலை. எங்க வீட்டுல கடிகாரம் ஏது? எனக்கு இன்னைக்கும் அந்த நிமிஷம் செகண்டு விவகாரம் பிடிபடாது. ஒருத்தன் முதல்ல வாரானா ரெண்டாவது வாரானா, அதுதானே பந்தயம். சிரில் அப்படி இல்லை. ரயில்வேயில வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்துல ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிட்டு வந்தான். "எக்கா, இனிமே இதைப் பிடி. நான் எத்தனை தடவை போனேன்னு எனக்கே தெரியும். எவ்வளவு நேரத்துல போனேன்னுதான் எனக்குத் தெரியணும்"னான். நான் அதைத் துணியில சுத்திக் கண்ணாடி அலமாரியில, அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துல வெச்சேன். அவ்வளவு ஆசையா வாங்கினதைக் கடக்கரையில கொண்டுபோய் உப்புக்காத்துல கெடுக்கவா? இப்பவும் அங்கதான் இருக்கு. ஒரு கீறல் கிடையாது.

ஜில்லாவுல முதல். மெட்ராஸ்ல முதல். பிறகு அகில இந்தியாவுல முதல். ஒலிம்பிக்குக்குப் போறவங்க பட்டியல்ல பேரு வந்த அன்னைக்கு எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்புப் பத்தலை, எல்லாரும் எங்க வாசல்லதான் நின்னாங்க. போறதுக்கு முன்னால என்கிட்டத் தனியா வந்து சொன்னான். அங்க வாரவனெல்லாம் அவனைவிட ரெண்டு மூணு நிமிஷம் வேகமாம். ஜெயிக்கிறதுங்கிற பேச்சே இல்லையாம். அதுவரைக்கும் அவன் பத்தொன்பது நிமிஷத்துக்குக் கீழ போனதே இல்லையாம், பத்தொன்பதும் மூணு செகண்டும்தான் அவனோட நல்ல நேரம். அதை உடைச்சுட்டா அவனுக்குப் போதுமாம். வாயைக் கழுவுலே, மெடலோட வான்னேன். சிரிச்சான். அவன் சிரிச்சா அப்பா மாதிரி இருக்கும்.

பேப்பர்ல ஒண்ணும் வரலை. ரேடியோவுல ஒண்ணும் சொல்லலை. பத்து நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை நீலக் கடுதாசி வந்துது. தபால்காரர் சைக்கிளை மிதிக்காம ஓட்டமா ஓடி வந்தார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியார், "மெட்டில்டா, முன்னால வந்து மைக்குல வாசி, எல்லாரும் கேக்கட்டும்"னுட்டார். அதுக்குள்ள நான் நாலஞ்சு தடவை வாசிச்சிருந்தேன். என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

மைக்கு முன்னால நின்னேன். கோயில் நிறைய ஆளு. முதல் பெஞ்சுல எங்கம்மா. அப்பா போனதுக்கப்புறம் அவ முக்காட்டை விலக்கித் தலை நிமிர்ந்து உக்காந்து நான் பார்த்ததில்லை, அன்னைக்கு உக்காந்திருந்தா. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க. "அன்புள்ள அக்கா, ஆண்டவர் கிருபையால் சுகம். நேற்று நீந்தினேன். எட்டாவதாக வந்தேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்." அவ்வளவுதான் வாசிச்சேன். மடிச்சு வெச்சுட்டேன். கோயில்னும் பாக்காம விசில் அடிச்சாங்க. அம்மா அழுதா. சந்தோஷத்துல அழுதா தம்பி, அதுவும் முதல் தடவை.

விட்டது என்னன்னா, எட்டாவதா வந்தேன்ங்கிறதுக்கு முன்னால, எட்டுப் பேர் இறங்கினோம்னு எழுதியிருந்தான். பின்னால, மத்த ஏழு பேரும் கரையேறித் துண்டைச் சுத்திக்கிட்டு நின்ன பிறகும் அவன் மட்டும் அவ்வளவு பெரிய குளத்துல தனியா நாலு நீளம் நீந்தினானாம். அதுக்குத்தான் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்களாம். இந்த மாதிரி ஆறு குரூப்பாப் பிரிச்சு நீந்த விட்டதுல, மொத்தம் நாப்பத்தோரு பேர்ல அவன் நாப்பத்தொண்ணு. அதுக்குக் கீழ ஏதோ நிமிஷக் கணக்கு நாலு வரி. மைக்குல நின்னு கணக்கா வாசிப்பாங்க? அதையும் சேர்த்து விட்டேன்.

கடுதாசியில இல்லாத ஒரு எழுத்தை நான் வாசிக்கலை. எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன். இருந்ததுல கொஞ்சத்தை வாசிக்கலை. அது பொய்யா? உலகத்துல எட்டாவதுன்னு நான் சொல்லவே இல்லையே. ஜனங்களா வெளியே போய்ச் சொல்லிக்கிட்டாங்க. நான் மறுத்துப் பேசலை, அவ்வளவுதான்.

அவன் வந்து இறங்கினப்ப ஸ்டேஷன்ல பேண்டு வாத்தியம். திறந்த ஜீப்புல ஏத்தி, மாலை மேல மாலை போட்டு, பெரிய கோயில் வரைக்கும் ஊர்வலம். ஜீப்புல அவன் பக்கத்துல நான். குனிஞ்சு என் காதுல, "எக்கா, கடைசியா வந்தவனுக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு கேட்டான். அவன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். பத்தொன்பது நிமிஷத்துக்குக் கீழ வந்துட்டான்னு தெரிஞ்சு ஊரு கூடியிருக்குன்னு நினைச்சிருக்கான் பைத்தியக்காரன். அத்தனை பேரும் அதுக்காகத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கையைக் காட்டுதான். வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தின பிறகுதான், எதை வாசிச்சேன் எதை விட்டேன்னு சொன்னேன்.

அவன் மாலையை ஒண்ணொண்ணாக் கழட்டிக் கட்டில்ல வெச்சான். கடைசி மாலையைக் கழட்டிட்டு, "டைமை வாசிக்கலையாக்கா?"ன்னு கேட்டான். அந்த எட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. டைமைத்தான் கேட்டான்.

அப்புறம்தான் கோபம் வந்துது அவனுக்கு. நாளைக்குப் பாராட்டுக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிருவேன்னான். அம்மா முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லுலேன்னேன். சொன்னான் தம்பி. நகராட்சி மைதானத்துல, அத்தனை கூட்டத்துக்கு முன்னால மைக்கைப் பிடிச்சு, நான் உலகத்துல எட்டாவது இல்லை, எங்க குரூப்புல கடைசி ஆளு நான்னு தெளிவாச் சொன்னான். சேர்மன் எந்திரிச்சார். இவ்வளவு பெரிய வீரர் தன்னைக் கடைசின்னு சொல்லுதாரே, இந்தத் தாழ்ச்சி வேற யாருக்கு வரும்னார். கூட்டம் முன்னைவிட ரெண்டு மடங்கு கை தட்டிச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாமியார் தாழ்ச்சியைப் பத்தித்தான் பிரசங்கம் வெச்சார், சிரில் பேரைச் சொல்லி. இவன் பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தான். அதையும் தாழ்ச்சின்னுதான் பேசிக்கிட்டாங்க.

அதுக்குப் பிறகு அவன் எத்தனை தடவை உண்மையைச் சொன்னானோ அத்தனை தடவையும் கை தட்டினாங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

மறு வருஷம் அகில இந்தியப் போட்டி. கல்கத்தாவுல இருந்து வந்த ஒருத்தன்கிட்டத் தோத்துட்டு வந்தான். அரை நீளம் வித்தியாசம். உலகின் எட்டாவது வீரர் தோல்வின்னு இங்க பேப்பர்ல போட்டான். தெருவுல நடக்க முடியலை. சிரிலுக்கு உடம்புக்கு என்ன, குடிக்கானா, தலைக்கனம் ஏறிட்டான்னு ஆளுக்கு ஒண்ணு கேட்டாங்க. இவன் வீட்டுக்கு வந்து, "அன்னைக்கும் நல்ல டைம்தான்க்கா. ஒலிம்பிக்குக்கு அடுத்து அதுதான் நல்ல டைம்"னான். எனக்கு வந்த ஆத்திரத்துல, டைமைக் கொண்டு குப்பையில போடு, தோத்துட்டுல்லா வந்து நிக்கேன்னு கத்திட்டேன். அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லுதது சரிதான். எட்டாவது ஆளு எப்படித் தோக்க முடியும்? நான் நிறுத்திக்கிடுதேன்"னான்.

நல்ல முடிவுன்னுதான் நினைச்சேன். பேரு கெடாம இருக்கும்லா. அவனுக்கு அப்ப இருபத்திமூணு வயசு. அதுக்கப்புறம் அவன் கடல்ல காலு நனைச்சு நான் பார்க்கலை. தண்ணியை விட்டு வெளியே வராத பிள்ளை தம்பி அவன். குளிக்கும்போதுகூட வாளித் தண்ணியை அவசர அவசரமா ஊத்திக்கிட்டு வந்துருவான். ஆனா பேரு நின்னுது, பாத்துக்கிடுங்க. எங்க தெருவுக்கு அவன் பேரை வெச்சாங்க, போர்டுல உலகின் எட்டாவதுன்னு பொறிச்சு. கோயில் பங்குல நடக்க விளையாட்டுப் போட்டிக்கு சிரில் வாஸ் கோப்பை. ரயில்வே ஆபீசுக்குப் புதுசா அதிகாரி வந்தா முதல்ல இவனைத்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. கை குடுத்துட்டு, எட்டாவதான்னு கேப்பாங்க. இவன் சிரிப்பான். எத்தனை நிமிஷம்னு ஒருத்தரும் கேட்டதில்லையாம், அவனே ஒரு தடவை சொன்னான். எனக்கு இதுல ஒரு லாபமும் இல்லை. நான் தலைமையாசிரியை ஆனது என் படிப்பால. இன்டர்வியூல எட்டு வாஸ் அக்காவான்னு கேட்டாங்க, ஆமான்னேன். ஆமான்னா ஆமான்னுதானே சொல்லணும்?

கல்யாணமும் நல்ல இடத்துலதான் அமைஞ்சுது. இமாக்குலேட், நல்ல பிள்ளை. கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே இவன் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கான். அவ நேரா என்கிட்ட வந்து, அந்தக் கடுதாசியை நான் பாக்கணும் மதினின்னா. அது எங்கயோ போயிட்டுன்னேன். என் ஜெபப் புத்தகத்துக்குள்ளதான் இருந்துது. அன்னையில இருந்து அந்தப் பிள்ளை என்கிட்ட ஒட்டிப் பேசினதில்லை. நல்லநாள் கெட்டநாளுக்கு வரும், போகும், வாங்க மதினி, இருங்க மதினி, அவ்வளவுதான். நான் அவளுக்கு என்ன குறை வெச்சேன்னு இன்னைக்கும் எனக்கு விளங்கலை.

இந்த வருஷம் தவக்காலத்துலதான் எல்லாம் உடைஞ்சுது. பங்குக்கு ஆண்டு விழா மலர் போடப்போறோம்னு இளைஞர் சங்கத்துக்காரனுங்க இவனைப் பத்தித் தேடியிருக்கானுங்க. போன்ல எல்லாம் கிடக்காமே தம்பி. எந்த ஒலிம்பிக்ல எவன் எத்தனாவது வந்தான்னு ஒண்ணு விடாம. நாப்பத்தோரு பேர்ல நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊர்ல எல்லார் போன்லயும் அது. கடைசி வாஸ்னு பேரு வெச்சுட்டானுங்க. தெரு போர்டுல அந்த எட்டு மேல தாரைப் பூசினானுங்க. ஐம்பது வருஷம் ஊரை ஏமாத்தினான்னு எழுதினானுங்க. யாரு ஏமாத்தினா? மேடைக்கு மேடை உண்மையைச் சொன்னவன் அவன். இவனுங்க தாத்தன்மாருதானே கேக்காமக் கை தட்டினாங்க?

நான் பதறிக்கிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். ஆளு நொறுங்கிப் போயிருப்பான்னு நினைச்சேன். அவன் நாற்காலியில உக்காந்திருக்கான், பக்கத்துல இமாக்குலேட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போனைக் கையில வெச்சிருக்கா. என்னைப் பார்த்ததும், "எக்கா, இங்க வந்து பாரு. டைம் போட்டிருக்கான். புள்ளி ரெண்டைக்கூட விடலை"ன்னான். இம்மா, மறுபடி வாசின்னு அவகிட்டச் சொன்னான். அவ வாசிச்சா. இன்னொரு தடவைன்னான். அவ வாசிச்சா. அப்பா மாதிரி சிரிக்கான் தம்பி. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. ஊரே காறித் துப்புது, இவன் சிரிக்கான். எனக்கு எரிச்சல்தான் வந்துது.

மறுநாள்ல இருந்து காலையில கடலுக்குக் கிளம்பிட்டான். எழுபத்தஞ்சு வயசுல. இமாக்குலேட் துண்டை வெச்சுக்கிட்டுக் கரையில நிப்பாளாம். கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வருவானாம். நாலு மாசம் அப்படிப் போனான். ஒரு நாள் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "எக்கா, மாலையை எடுத்துட்டு வாயேன். நீ எண்ணி ரொம்ப நாளாச்சு"ன்னான். ஊரே சிரிப்பாச் சிரிக்கும்போது நான் எந்த முகத்தோட வெளியே வரன்னு கேட்டேன். சரிக்கான்னுட்டுப் போயிட்டான். அந்த நாலு மாசமும் நான் பூசைக்குக்கூட முதல் பூசைக்கு, இருட்டோட போய் இருட்டோட வந்தேன். என் பேரு என்ன ஆகுறது?

ஆகஸ்டு மாசம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எந்திரிக்கலை. உடம்பைக் குளிப்பாட்டும்போது காது மடலுக்குப் பின்னால உப்பு வெள்ளையா இருந்துது. சின்னப் பிள்ளையில அம்மாவுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான் தேய்ச்சுக் கழுவுவேன்லா, அதே இடம். கை தன்னால போயிட்டு. எண்ணுன்னு ஒரு தடவைதான் கேட்டான். போயிருக்கலாம். என்ன குறைஞ்சிருக்கும் எனக்கு? போயிருக்கலாம்.

இல்ல தம்பி, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

அடக்கத்துக்குக் கோயில் பாதிகூட நிறையலை. மாசப் பூசை முடிஞ்சு கல்லு நான்தான் வெப்பேன், என் தம்பிக்கு நான்தான் செய்வேன்னு சொன்னேன். இமாக்குலேட் சண்டைக்கு வரலை. ஒரு சீட்டை என் கையில குடுத்தா. "இதை மட்டும் வெட்டச் சொல்லுங்க மதினி. அவங்க கேட்டது இவ்வளவுதான்"னா. இந்தா, இதுதான். அவன் கையெழுத்து. பேரு, அதுக்குக் கீழ ஒரு எண்ணு. பிறந்த தேதி கிடையாது, இறந்த தேதி கிடையாது, வீரர்னுகூட ஒரு வார்த்தை கிடையாது. 18:41.2. இதை யாராவது கல்லுல வெட்டுவாங்களா? பாக்கவன் இவன் செத்த நேரம்னு நினைப்பான். இல்லைன்னா ரயில்வேக்காரன்லா, ஏதோ வண்டி வார நேரம்னு நினைப்பான்.

இது நான் எழுதினது. உலகப் புகழ் பெற்ற ஒலிம்பிக் நீச்சல் வீரர். எட்டாவதுன்னு நான் போடலை பாருங்க. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. உலகப் புகழ்னு போட்டா அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாது. தங்க எழுத்துல வெட்டுங்க.

என்ன கேட்டீங்க? அந்த நேரம் என்ன நேரம்னா?

நீங்க கேக்கீங்க. அருப்புக்கோட்டையில இருந்து வந்து, அவனை முன்னப் பின்னப் பார்க்காத நீங்க கேக்கீங்க. இந்த ஊர்ல ஒருத்தர் இதைக் கேட்டிருந்தா அவன் அன்னைக்கு முழுக்க நின்னு பதில் சொல்லியிருப்பான்.

பொறுங்க. கடுதாசியை எடுக்கேன். இந்த ஜெபப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு. மடிச்ச இடமெல்லாம் விட்டுப்போச்சு, மெதுவாப் பிரிக்கணும். இந்தக் கடைசி நாலு வரியை நான் வாய்விட்டு வாசிச்சதில்லை. மைக்குலயும் வாசிக்கலை, அம்மாவுக்கும் வாசிக்கலை. கண்ணாடி... இருக்கு, இருக்கு.

"அக்கா, முக்கியமானதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். பதினெட்டு நிமிடம், நாற்பத்தொரு செகண்டு, புள்ளி இரண்டு. என் வாழ்நாளில் நான் இவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. கடைசி நாலு நீளம் தண்ணீரில் என்னைத் தவிர யாரும் இல்லை, உன் மாலையில் மூன்றாவது பத்து முடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இதை அம்மாவுக்கும் தெருவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு."

எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுன்னு எழுதியிருக்கான் தம்பி.

அந்தச் சீட்டைக் குடுங்க. இது இல்லை, என்னோடதைக் குடுங்க. இது வேண்டாம். கிழிச்சது கிழிச்சதா இருக்கட்டும், குப்பையில போட்டுருங்க. அவன் எழுதினதையே வெட்டுங்க. மேல பேரு, கீழ அந்த எண்ணு. பேரைவிட எண்ணு பெரிசா இருக்கட்டும், வாசல்ல மெழுகுதிரி வாங்கிக்கிட்டு நிக்கவனுக்கும் தெரியணும். கல்லறைத் திருநாள் அன்னைக்கு நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிடுதேன். செத்த நேரமான்னு எவனாவது கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.

மிஷினைப் போடுங்க. பென்சில்ல குறிச்சதும் ஒரு தடவை என்கிட்டக் காட்டிட்டு வெட்டுங்க. அந்தக் கடைசிப் புள்ளி ரெண்டு, சின்னதுதானேன்னு விட்டுராதீங்க தம்பி. ஒரு தடவை நான் விட்டுட்டேன்.